மேடுபள்ளமான பேஸ்மென்ட் தரையில் சப்ஃப்ளோர் போடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

டொரொண்டோவின் ஸ்கார்பரோ, நார்த் யார்க், எட்டோபிகோ பக்கம் 1950, 60களில் கட்டிய செங்கல் பங்களா வீடுகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அந்த வீடுகளில் பேஸ்மென்ட் என்பது வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் துணி துவைக்கும் மெஷினும் நிற்கும் இடம். அங்கே ஒரு குடும்பம் வாழும் என்று நினைத்து யாரும் தரை ஊற்றவில்லை. அதனால் தரையிலுள்ள வடிகாலான டிரெயினை நோக்கிச் சரிவு, மூலைகளில் மேடு, பழைய சுவரை எடுத்த இடத்தில் ஒரு திட்டு, குழாய் மாற்றிய இடத்தில் பூசிய ஒட்டு எல்லாம் இருக்கும். கான்கிரீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் பெரும்பாலும் இருக்காது. மண்ணின் குளிரும் ஈரமும் நேராக மேலே வரும்.

சப்ஃப்ளோர் என்பது மேல்தரைக்கு அடியில் போடும் பலகைத் தளம். இங்கே அதற்கு இரண்டு வேலை. கான்கிரீட்டின் ஈரம் மேலே உள்ள மரத்தைத் தொடாமல் தடுக்க வேண்டும். நடக்கும்போது அமுங்காத ஒரு தளத்தைக் கொடுக்க வேண்டும். புதிதாக இறங்குபவர்கள் பலகையை வாங்கி காரில் ஏற்றிய பிறகுதான் ஈரத்தைப் பற்றியும் மேடுபள்ளத்தைப் பற்றியும் யோசிக்கிறார்கள். அதனால்தான் இதில் பாதிக்கு மேல் பலகை வாங்குவதற்கு முந்தைய வேலைகளாக இருக்கும்.

1. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள்

சப்ஃப்ளோர் கசிவை நிறுத்தாது, மறைக்கத்தான் செய்யும். மூடிய பிறகு பூஞ்சை வாடை வந்தால் எல்லாவற்றையும் பிடுங்குவதைத் தவிர வழியில்லை.

வேலை வீட்டுக்கு வெளியே தொடங்குகிறது. கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் அஸ்திவாரத்தின் பக்கத்திலேயே கொட்டினால், அதைக் குறைந்தது 6 அடி தூரத்துக்கு நீட்டுங்கள். சுவரை ஒட்டிய மண் வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும். முதல் 6 அடியில் 6 அங்குலம் இறங்கினால் நல்லது. கூரை ஓரக் கால்வாயில் இலை அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். பேஸ்மென்ட் ஈரம் என்று புலம்பும் வீடுகளில் இந்த மூன்றில் ஒன்றாவது கோளாறாக இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். இதைச் சரிசெய்ய ஆகும் செலவு மிகக் குறைவு.

உள்ளே வந்து கான்கிரீட்டைப் பாருங்கள். சுவர் ஓரத்திலோ விரிசலிலோ வெள்ளை மாவு போலப் படிந்திருந்தால் அது உப்பு. தண்ணீர் கான்கிரீட்டுக்குள் நுழைந்து, வெளியே வந்து, காய்ந்த இடம் அது. துடைத்துவிட்டுத் தேதி எழுதி வையுங்கள். திரும்ப வந்தால் தண்ணீர் இன்னும் வருகிறது என்று பொருள்.

அப்புறம் பிளாஸ்டிக் சோதனை. 18 அங்குலச் சதுரமாகத் தடித்த, தெளிவான பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விடச் சொல்கிறார்கள். நான் இரண்டு மூன்று நாள் விடச் சொல்வேன். நடுவில் ஒன்று, வெளிச்சுவர் பக்கம் ஒன்று, டிரெயின் பக்கம் ஒன்று என்று பல இடங்களில் ஒட்டுங்கள். தாளின் அடியில் நீர்த்துளியோ, கான்கிரீட் கறுத்தோ இருந்தால் ஈரம் கீழிருந்து வருகிறது. தாளின் மேற்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த தரையில் படிந்தது. அதற்கு மருந்து, காற்றின் ஈரத்தை எடுக்கும் டீஹியூமிடிஃபையர்.

இந்தச் சோதனையைப் பனி உருகும் மார்ச், ஏப்ரலில் செய்வது உத்தமம். வறண்ட பிப்ரவரியில் பார்த்துவிட்டு "தரை காய்ந்துதான் இருக்கிறது" என்று முடிவு செய்வது பெரிய ஏமாற்றம்.

அடியில் லேசான ஈரம் இருந்தால் நான் கீழே சொல்லும் அமைப்பு அதைத் தாங்கும். ஆனால் தண்ணீர் தேங்குகிறது, விரிசல் வழியாக ஊறுகிறது என்றால் வேலையை நிறுத்துங்கள். விரிசலை அடைப்பதா, தரைக் குழியில் சேரும் நீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் வைப்பதா, வெளியே தோண்டி நீர்த்தடுப்புச் செய்வதா என்று முதலில் தீர்க்க வேண்டும். மழைக்குச் சாக்கடை திரும்பி வரும் பகுதி என்றால் பேக்வாட்டர் வால்வ் வைப்பதும் இந்தக் கட்டத்தில்தான். டொரொண்டோ நகராட்சி அதற்கு மானியம் தருகிறது. தரையை உடைக்க வேண்டிய வேலை அது. புதுத் தரை போட்ட பிறகு நினைவுக்கு வந்து பயனில்லை.

விரிசலின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட உயர்ந்திருந்தாலோ, கால் அங்குலத்துக்கு மேல் அகன்றிருந்தாலோ, ஆண்டுக்கு ஆண்டு பெரிதானாலோ, கட்டட இன்ஜினியர் ஒருவர் பார்க்காமல் அதை மூடாதீர்கள்.

2. மூடுவதற்கு முன் இரண்டு சோதனைகள்: ரேடானும் ஆஸ்பெஸ்டஸும்

ரேடான் மண்ணிலிருந்து வரும் கதிரியக்க வாயு. மணமோ நிறமோ கிடையாது. கனடா சுகாதாரத் துறையின் வரம்பு ஒரு கனமீட்டருக்கு 200 பெக்கரல். சரியான அளவு தெரிய, குளிர்காலத்தில் குறைந்தது 91 நாள் கருவியை வைக்க வேண்டும். அளவு அதிகமாக இருந்தால் தரையைத் துளைத்துக் குழாய் இறக்கி, விசிறி வைத்து வாயுவை வெளியே இழுப்பார்கள். அந்தத் துளையைப் புதுத் தரை வழியாகப் போடுவது யாருக்கும் பிடிக்காது. கோடையில் வேலை என்றால் அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே கருவியை வைத்துவிடுங்கள்.

பழைய தரையில் 9 அங்குலச் சதுர டைல்களும் அடியில் கறுப்புப் பசையும் இருந்தால், அவற்றில் நுரையீரலைக் கெடுக்கும் நாரான ஆஸ்பெஸ்டஸ் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சுரண்டவோ, தேய்க்கவோ, உடைக்கவோ வேண்டாம். ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி அனுப்பி முடிவு வரும்வரை கிரைண்டர் அந்த அறைக்குள் வரக்கூடாது. உடையாமல் உறுதியாக ஒட்டியிருக்கும் டைலைத் தொடாமல் மூடிவிடுவதும் ஒரு வழிதான். ஆனால் அப்போது அதன் வழியாக ஸ்க்ரூ துளை போட முடியாது. 4ஆம் பகுதியில் சொல்லும் மிதக்கும் அமைப்புக்குப் போக வேண்டும்.

3. உயரக் கணக்கு, முக்கியமாகப் படிக்கட்டு

டிம்பிள் ஷீட் (குமிழ் குமிழாக உள்ள பிளாஸ்டிக் விரிப்பு) சுமார் 5/16 அங்குலம், ப்ளைவுட் 5/8, மேலே லாமினேட் அல்லது வினைல் அரை அங்குலம் வரை. மொத்தம் ஒன்றரை அங்குலம் தரை ஏறுகிறது. அடியில் ஃபோம் சேர்த்தால் இன்னும் ஓர் அங்குலம்.

ஒன்டாரியோவில் பழைய வீட்டின் பேஸ்மென்ட்டை வாடகைக் குடியிருப்பாக மாற்றினால் கூரை உயரம் 1.95 மீட்டர் இருக்க வேண்டும். ஏற்கெனவே இழுபறியில் இருக்கும் வீட்டில் அந்த ஒன்றரை அங்குலமே அனுமதியைக் கெடுத்துவிடும். அளவை முடிந்த தரையிலிருந்து எடுங்கள், இப்போதைய கான்கிரீட்டிலிருந்து அல்ல. மேட்டுப் பகுதியில் எடுங்கள்.

பலரும் மறப்பது படிக்கட்டை. தரை ஒன்றரை அங்குலம் ஏறினால் கடைசிப் படியின் உயரம் ஒன்றரை அங்குலம் குறைகிறது. அடுத்தடுத்த படிகளுக்கு இடையே 5 மில்லிமீட்டர், முழுப் படிக்கட்டிலும் அதிகபட்சம் 10 மில்லிமீட்டர் வித்தியாசம்தான் கட்டட விதி அனுமதிக்கிறது. கால் பழகிய உயரத்தை எதிர்பார்த்து இறங்கும். வித்தியாசம் இருந்தால் வயதானவர்கள் விழுவார்கள். ஒவ்வொரு படிமேலும் பலகை ஒட்டி ஈடுகட்டலாம் என்று சிலர் முயல்கிறார்கள். அப்படிச் செய்தால் கோளாறு கீழ்ப்படியிலிருந்து மேல்படிக்குப் போகும், அவ்வளவுதான். உயரத்தை எல்லாப் படிகளுக்கும் பங்கிட வேண்டும். அதற்குப் படிக்கட்டையே மாற்றியமைக்க வேண்டி வரலாம். தச்சரிடம் இப்போதே காட்டி, அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

4. எந்த அமைப்பு?

நான் பரிந்துரைப்பது டிம்பிள் ஷீட்டும் அதன் மேல் 5/8 அங்குல டங் அண்ட் குரூவ் (ஒரு பக்கம் நாக்கு, எதிர்ப்பக்கம் அது நுழையும் பள்ளம்) ப்ளைவுட்டும். ஷீட்டின் குமிழ்கள் கான்கிரீட்டில் நிற்பதால் அடியில் காற்றிடைவெளி இருக்கிறது. பிளாஸ்டிக் என்பதால் ஈரம் மேலே ஏறாது. விலையும் அதிகமில்லை.

கடைகளில் 2 அடிச் சதுரமாக, அடியில் பிளாஸ்டிக் ஒட்டி வரும் டிரைகோர் போன்ற பலகைகளும் நல்லவை. குறுகிய படிக்கட்டு உள்ள வீட்டில், தனியாக வேலை செய்பவருக்கு அவை சுலபம். ஆனால் துண்டு சின்னதாக இருப்பதால் அடியிலுள்ள ஒவ்வொரு பள்ளமும் உடனே தெரியும். "சின்னப் பலகை, வளைந்து கொடுக்கும்" என்று நம்பித் தரையைச் சமன் செய்யாமல் போடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. சில மாதங்களில் நடக்கும் இடமெல்லாம் டொக் டொக் என்று கேட்கும்.

குளிர்தான் முக்கியக் கவலை என்றால் ஓர் அங்குல எக்ஸ்.பி.எஸ். ஃபோம் பலகை விரித்து, அதன் மேல் இரண்டு அடுக்கு அரை அங்குல ப்ளைவுட்டை ஒன்றோடொன்று ஸ்க்ரூ செய்யலாம். கான்கிரீட்டைத் துளைக்க வேண்டியதில்லை. தரைக்குள் வெந்நீர்க் குழாய் ஓடும் வீட்டுக்கும், மேலே சொன்ன பழைய டைல் உள்ள வீட்டுக்கும் இந்த மிதக்கும் முறைதான். மேல் அடுக்கின் மூட்டு கீழ் அடுக்கின் மூட்டோடு ஒரே கோட்டில் வரக்கூடாது. ஸ்க்ரூ முனை ஃபோமுக்குள் இறங்கவும் கூடாது.

கான்கிரீட் மேல் மரச்சட்டம் அடித்து, இடையில் ஃபோம் அடைக்கும் பழைய முறையை நான் யாருக்கும் சொல்வதில்லை. உயரம் வீணாகிறது, மரம் ஈரத்தில் உட்காருகிறது.

5. கையில் இருக்க வேண்டியவை

லேசர் லெவல் (வாடகைக்கும் கிடைக்கும்), 6 அல்லது 8 அடி நீளத்தில் வளையாத மட்டப்பலகை, சாக்பீஸ், அளவு டேப். கிரைண்டர், கான்கிரீட்டைத் தேய்க்க அதில் மாட்டும் வைரக் கப் வீல், தூசி மூடி, ஹெப்பா ஃபில்ட்டர் உள்ள வாக்வம். சுத்தி டிரில், 5/32 அங்குல கான்கிரீட் பிட் நாலைந்து. அரை அங்குல டிரில்லில் மாட்டும் கலக்கி, 5 காலன் வாளிகள் குறைந்தது மூன்று. பி100 வடிகட்டி முகக்கவசம், காது மூடி, முழங்கால் பட்டை.

ப்ளைவுட்டை வாங்கி வந்து குறைந்தது இரண்டு நாள் அந்த பேஸ்மென்ட்டிலேயே, அடியில் கட்டை கொடுத்து, இடையில் காற்றுப் போக அடுக்கி வையுங்கள். அறை ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். இல்லையென்றால் போட்ட பிறகு பலகை விரிந்து மூட்டில் மேடு தட்டும்.

வாங்குவதற்கு முன் படிக்கட்டுத் திருப்பத்தை அளந்து பாருங்கள். 4க்கு 8 அடிப் பலகை பல பங்களாக்களில் திரும்பாது. வெட்ட வேண்டியிருந்தால் குறுக்கே வெட்டி 4 அடிச் சதுரம் ஆக்குங்கள். நீளவாட்டில் வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் ஒரு பக்கப் பள்ளமோ நாக்கோ போய்விடும்.

6. தரைக்கு வரைபடம்

இந்தப் படியைத் தாண்டுபவர்கள் பிறகு கண்ணை நம்பி இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று ஊற்றி, புதிய மேடுகளை உண்டாக்குகிறார்கள்.

தரையைச் சுத்தமாகப் பெருக்கி, 2 அடிக்கு 2 அடி கட்டம் சாக்பீஸால் போடுங்கள். லேசரை அறை நடுவில் நிறுத்தி, சுவரைச் சுற்றிக் கோடு விழச் செய்யுங்கள். ஒவ்வொரு கட்ட முனையிலும் டேப்பைத் தரையில் ஊன்றி, லேசர் கோடு விழும் அளவை அங்கேயே எழுதுங்கள். எண் பெரிதானால் பள்ளம், சிறிதானால் மேடு. முடிந்ததும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான முடிவு. தரை சமமாக இருந்தால் போதும். நீர்மட்டத்துக்கு இருக்க வேண்டிய அவசியமில்லை. 12 அடி அறையில் ஒரே சீராக முக்கால் அங்குலம் சரிகிறது என்றால், அதன் மேல் பலகை அழகாக உட்காரும், யாருக்கும் தெரியாது. 3 அடிக்குள் கால் அங்குலம் ஏறி இறங்கினால் பலகை ஆடும், மேலே போடும் க்ளிக் தரையின் பூட்டு உடையும். பெரும்பாலான தரை தயாரிப்பாளர்கள் கேட்பது 10 அடிக்குள் 3/16 அங்குலத்துக்கு மேல் ஏற்ற இறக்கம் இருக்கக்கூடாது என்பதுதான்.

அதனால் எண்களில் சரிவைத் தேடாதீர்கள், திடீர் மாற்றத்தைத் தேடுங்கள். மட்டப்பலகையை எல்லாத் திசையிலும், குறுக்கு மூலையிலும் வைத்து இழுங்கள். ஆடினால் அடியில் மேடு. இடைவெளி தெரிந்தால் பள்ளம். மேட்டை ஒரு நிறத்திலும் பள்ளத்தை வேறு நிறத்திலும் வட்டமிட்டு, ஆழத்தை எழுதுங்கள்.

முழுத் தரையையும் நீர்மட்டத்துக்குக் கொண்டுவர ஆசைப்பட்டால் செலவு பல மடங்கு ஏறும். டிரெயினை நோக்கிய சரிவும் போய்விடும். வெந்நீர்த் தொட்டி ஒருநாள் உடைந்தால் அந்தச் சரிவுதான் காப்பாற்றும். அதை விட்டுவையுங்கள் என்பது என் உறுதியான கருத்து.

7. முதலில் மேட்டைத் தேயுங்கள்

மேட்டை அப்படியே விட்டுச் சுற்றிலும் நிரப்பினால், ஒரு சிறு மேட்டுக்காக முழு அறையையும் உயர்த்த வேண்டியிருக்கும். ஐந்து நிமிடம் தேய்த்தால் பல பை கலவை மிச்சம்.

கப் வீலைத் தட்டையாகப் பிடித்து, ஓரிடத்தில் நிற்காமல் வட்டமாக நகர்த்துங்கள். அடிக்கடி நிறுத்தி மட்டப்பலகை வையுங்கள். கான்கிரீட் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலைச் சரிசெய்ய முடியாத அளவுக்குக் கெடுக்கும். தூசி மூடியும் வாக்வமும் இல்லாமல் கிரைண்டரை ஓட்டாதீர்கள். ஃபர்னஸை அணைத்து, காற்று இழுக்கும் வாய்களைப் பிளாஸ்டிக் போட்டு மூடுங்கள். இல்லையென்றால் அந்தத் தூசி மேல்மாடிப் படுக்கை வரை போகும்.

அரை அங்குலத்துக்கு மேல் தேய்க்க வேண்டிய மேடு என்றால் நிறுத்தி யோசியுங்கள். 3 அங்குலத் தடிப்புள்ள கான்கிரீட் தரையில் அது பெரிய பங்கு.

8. பள்ளத்தை நிரப்புதல்

கையளவுப் பள்ளங்களுக்குப் பூசும் கலவை போதும். கரண்டியால் தேய்த்து, ஓரத்தை மெல்லியதாக இழுத்துவிடுங்கள். அகலமான பள்ளத்துக்குத்தான் செல்ஃப் லெவலர், அதாவது ஊற்றினால் ஓடிப் பரவும் கலவை. பையில் சிமென்ட் அடிப்படையிலானது என்று இருக்கிறதா பாருங்கள். ஜிப்சம் அடிப்படையில் வருபவை ஈரமான பேஸ்மென்ட்டுக்கு ஏற்றவை அல்ல.

எத்தனை பை? 50 பவுண்ட் பை ஒன்று சுமார் அரைக் கனஅடி நிரப்பும். அதாவது கால் அங்குலத் தடிப்பில் 24 சதுர அடி. 10க்கு 12 அடி அறையில் சராசரிக் கால் அங்குலம் என்றால் 5 பை. ஒன்று கூடுதலாக வாங்குங்கள். பாதியில் கலவை தீர்ந்து கடைக்கு ஓடினால், திரும்பி வருவதற்குள் ஊற்றியது இறுகி, நடுவில் ஒரு படிக்கட்டு நின்றிருக்கும்.

தரைத் தயாரிப்பில்தான் வெற்றி தோல்வி இருக்கிறது. பெயின்ட், பசை, எண்ணெய்க் கறை எல்லாம் போக வேண்டும். ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். கான்கிரீட் உறிஞ்சினால் சரி. முத்தாக நின்றால் மேலே ஏதோ பூச்சு இருக்கிறது; லெவலர் அதில் பிடிக்காது, தகடாகப் பெயர்ந்து வரும். அந்த இடத்தைத் தேய்த்தெடுங்கள்.

அடுத்து, கலவை ஓடிப் போகும் வழிகளை அடையுங்கள். சுவரும் தரையும் சேரும் மூலையில் ஃபோம் பட்டை, விரிசலில் அடைப்பு, குழாயைச் சுற்றியும் டிரெயினைச் சுற்றியும் வாசலிலும் சிறிய தடுப்பு. லெவலர் ஊசி ஓட்டை கிடைத்தாலும் நுழையும். டிரெயினுக்குள் போனால் அங்கேயே கல்லாகிவிடும்.

பிறகு பிரைமர். இதை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் நிறையப் பேர். காய்ந்த கான்கிரீட் லெவலரின் தண்ணீரை நொடியில் உறிஞ்சிவிடும். கலவை பரவுவதற்குள் கெட்டிப்படும், மேலே காற்றுக் குமிழ்கள் வெடித்துக் குழியாகும். பிரைமர் அந்த உறிஞ்சலைத் தடுக்கிறது, பிடிப்பையும் தருகிறது. பையின் நிறுவனமே விற்கும் பிரைமரை வாங்கி, அதில் சொன்ன நேரம் காய விடுங்கள். தரை வெப்பம் 10 பாகைக்குக் குறையக்கூடாது.

ஊற்றும் நாளில் ஆட்கள் வேண்டும். இருவர் கலக்க, ஒருவர் பரப்ப. கலவை ஓடும் நிலையில் இருப்பது பத்து இருபது நிமிடம்தான்; தனியாக ஒருவர் இரண்டாவது பையைக் கலக்கும்போதே முதல் பை கட்டியாகத் தொடங்கும். வாளியில் முதலில் குளிர்ந்த தண்ணீர், பிறகு மாவு. பையில் சொன்ன அளவுக்கு மேல் ஒரு கோப்பைகூட வேண்டாம். நன்றாக ஓடட்டும் என்று தண்ணீர் கூட்டினால், மேலே பால் போலப் படிந்து, காய்ந்ததும் விரலில் ஒட்டும் சுண்ணாம்பாகிவிடும். மெதுவான வேகத்தில் கட்டியில்லாமல் இரண்டு மூன்று நிமிடம் கலக்குங்கள். ரவா தோசை மாவுப் பதத்தில் ஓட வேண்டும்.

ஆழமான இடத்தில் தொடங்கி வாசலை நோக்கி வாருங்கள். ஒவ்வொரு வாளியும் முந்தையதன் ஈர ஓரத்தில் சேர வேண்டும். பெயர் லெவலர் என்றாலும் தானாக எல்லாம் மட்டமாகாது; ரேக் கொண்டு இழுத்து, ஓரங்களைக் கரண்டியால் தேய்த்துவிட வேண்டும். சரிவான அறையில் பள்ளத்தை மட்டும் நிரப்புகிறீர்கள் என்றால், பள்ளத்தின் தாழ்ந்த பக்கத்தில் தடுப்பு கட்டுங்கள். இல்லாவிட்டால் கலவை சரிவோடு போய்விடும்.

முதல் சில மணி நேரம் விசிறியும் ஜன்னல் காற்றும் வேண்டாம். மேல்பரப்பு வேகமாகக் காய்ந்தால் வெடிக்கும். மறுநாள் மட்டப்பலகையை மறுபடி இழுத்துப் பாருங்கள். முகடுகளை அன்றே சுரண்டிவிடுவது சுலபம், ஒரு வாரம் கழித்தால் கிரைண்டர் வேண்டும். மூடுவதற்கு முன் பையில் குறிப்பிட்ட காயும் காலம் முழுவதும் போகட்டும்.

9. வெளிச்சுவர்ச் சட்டம் முதலில், தரை பிறகு

சுவர் கட்டும் எண்ணம் இருந்தால் வெளிச்சுவரை ஒட்டிய சட்டங்களைக் கான்கிரீட்டில் நேராக நிறுத்திவிட்டு, தரையை அதற்குள் போடச் சொல்வேன். தயார்ப் பலகை விற்பவர்கள் தரை முதலில், சுவர் அதன் மேல் என்பார்கள், அதுவும் நிற்கும். ஆனால் ஒருநாள் தண்ணீர் புகுந்தால், சுவரைத் தொடாமல் தரையை மட்டும் தூக்க முடிவது என் முறையில்தான். சட்டத்தின் அடிக்கட்டைக்கும் கான்கிரீட்டுக்கும் இடையில் பாலித்தீன் பட்டை அல்லது ஃபோம் கேஸ்கட் கட்டாயம். கான்கிரீட்டின் ஈரத்தை மரம் குடிக்கும்.

10. டிம்பிள் ஷீட்

இன்னொரு முறை வாக்வம் போடுங்கள். ஒரு சின்னக் கல் அடியில் சிக்கினால், அதன் மேல் மிதிக்கும்போதெல்லாம் சத்தம் வரும்.

குமிழ்கள் கீழே பார்க்க விரியுங்கள். தலைகீழாக விரிப்பவர்கள் உண்டு. அப்போது குமிழின் குழிகள் மேலே திறந்த கிண்ணங்களாகி, சிந்தும் தண்ணீரெல்லாம் அவற்றில் தங்கும். சுவரிலிருந்து கால் அங்குலம் விட்டு வெட்டி, மூட்டுகளை நிறுவனம் சொன்ன டேப்பால் முழு நீளமும் ஒட்டுங்கள். குழாய், தூண் வரும் இடங்களையும் டேப் போட்டு மூடுங்கள். டேப் போடாத மூட்டு வழியாக ஈரக் காற்று ஏறி, ப்ளைவுட்டின் அடிப்பக்கம் அந்தக் கோட்டிலேயே கறுக்கும்.

கான்கிரீட்டில் விட்டுப்போன சிறு பள்ளம் தெரிந்தால், ஷீட்டின் அடியில் பிளாஸ்டிக் ஷிம் (மெல்லிய ஆப்பு) வையுங்கள். அட்டை, மரச் சீவல் எதுவும் வேண்டாம். அவை அங்கே அழுகும்.

11. ப்ளைவுட்டும் ஸ்க்ரூவும்

நீளமான, நேரான சுவரில் தொடங்குங்கள். சுவரிலிருந்து அரை அங்குல இடைவெளி. பிறகு பேஸ்போர்டு மூடிவிடும். இரண்டாவது வரிசையை அரைப் பலகையோடு தொடங்கினால் மூட்டுகள் விலகி வரும். நான்கு மூலைகள் ஓரிடத்தில் சேர்ந்தால் அந்த இடம் அமுங்கும். நாக்கைப் பள்ளத்தில் ஏற்ற ஒரு கட்டையை இடையில் வைத்துத் தட்டுங்கள். பலகையை நேராக அடித்தால் நாக்கு நொறுங்கும்.

ஸ்க்ரூ 3/16 அங்குல டேப்கான், அதாவது கான்கிரீட்டில் இறங்கும் ஸ்க்ரூ. குறைந்தது ஓர் அங்குலம் கான்கிரீட்டுக்குள் போக வேண்டும். 5/8 பலகையும் 5/16 ஷீட்டும் சேர்ந்து ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஆகவே இரண்டேகால் அங்குல ஸ்க்ரூ சரியாக இருக்கும். துளை, ஸ்க்ரூ முனையைவிடக் கால் அங்குலமாவது ஆழமாக வேண்டும். டேப்கான் பாதியில் இறுகி முறிந்தால், அநேகமாகத் துளையின் அடியில் தூசி அடைத்திருக்கும். பிட்டை இரண்டு மூன்று முறை உள்ளே வெளியே இழுத்து, வாக்வம் வையுங்கள்.

பலகையின் நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போங்கள். வளைவு இருந்தால் வெளிப்பக்கமாகத் தள்ளப்படும். தலை பலகையோடு சமமாக இறங்கியதும் நிறுத்துங்கள். மேலும் திருகினால் குமிழ் நசுங்கி, நீங்கள் பாடுபட்டுச் சமன் செய்த தரையில் குழி விழும். துளையிலிருந்து தண்ணீர் ஊறி வந்தால் ஸ்க்ரூ போட வேண்டாம். தரைக்கு அடியில் நீர் நிற்கிறது என்று பொருள். 1ஆம் பகுதிக்குத் திரும்ப வேண்டும்.

12. மூடக்கூடாத இடங்கள்

ஃப்ளோர் டிரெயின், பேக்வாட்டர் வால்வ், சாக்கடை சுத்தம் செய்யும் வாய், தண்ணீர் மெயின் வால்வ், சம்ப் பம்ப் குழி எல்லாவற்றுக்கும் தூக்கி எடுக்கக்கூடிய மூடி விடுங்கள். ஃபர்னஸ் அறையிலும் துணி துவைக்கும் இடத்திலும் சப்ஃப்ளோரே வேண்டாம் என்பேன். வெறும் கான்கிரீட்டுக்கு பெயின்ட் அடித்தால் போதும். தண்ணீர் கொட்ட வாய்ப்புள்ள இடத்தில் அது தெரியும்படி கொட்டட்டும்.

டிரெயின் அறைக்குள்ளேயே இருந்தால், அதைச் சுற்றிக் கிண்ணம் போல இறங்கும் பகுதியை லெவலரால் நிரப்பாதீர்கள். அங்கே பலகையைப் பிளாஸ்டிக் ஷிம்களால் தாங்கி, ஓரடிச் சதுர மூடி வெட்டுங்கள். மூடியின் நான்கு பக்கமும் பலகை தொங்காமல் அடியில் ஆதாரம் இருக்க வேண்டும்.

13. மேல்தரைக்கு முன்

அறை முழுவதும் செருப்பில்லாமல் நடந்து பாருங்கள். அமுங்கும் இடத்தில் இன்னொரு டேப்கான். மூட்டு உயர்ந்திருந்தால் லேசாகத் தேயுங்கள்.

லாமினேட், க்ளிக் வினைல், கார்ப்பெட் எல்லாம் போடலாம். திட மரத் தரை பேஸ்மென்ட்டுக்கு வேண்டாம். கோடை ஈரத்திலும் குளிர்கால வறட்சியிலும் அது விரிந்து சுருங்கியே தீரும். லாமினேட்டுக்கு அடியில் இன்னொரு பிளாஸ்டிக் தாள் விரிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கீழே ஒரு பிளாஸ்டிக், மேலே ஒரு பிளாஸ்டிக் என்றால் நடுவில் உள்ள ப்ளைவுட்டில் புகுந்த ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. வெறும் ஃபோம் விரிப்பு போதும்.

கதவுகளின் அடியை இப்போதே அறுத்துவிடுங்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை டீஹியூமிடிஃபையரை 50 சதவீதத்தில் வைத்து ஓட்டுங்கள். டிரெயினுக்கு விட்ட மூடியைச் சில மாதங்களுக்கு ஒருமுறை தூக்கி ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். மூடியிருக்கும் டிரெயினின் வளைவில் நின்று வாயுவைத் தடுக்கும் நீர் வற்றினால் சாக்கடை வாயு நேராக அறைக்குள் வரும்.